விவாகரத்து ஆகியும் வீட்டுக் கடன் என்னை விடவில்லை

அவிநாசிப் பக்கம் 2018-ல் நானும் அவரும் கூட்டாகக் கடன் போட்டு வாங்கிய வீடு. கடன் 24 லட்சம், 20 வருடம். இன்னும் 19 லட்சத்துச் சொச்சம் பாக்கி. போன மார்ச்சில் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து. வீடும் கடனும் அவருக்கே என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. ஆனால் மூன்று தவணை கட்டவில்லை, போன் எனக்குத்தான் வருகிறது. சிபில் (என் கடன் மதிப்பெண்) 780-லிருந்து 640.

தீர்ப்பு நகலை வங்கியில் கொடுத்தேன். "அது உங்களுக்குள்ளங்க, கடனுக்கு ரெண்டு பேரும் பொறுப்பு" என்றார்கள். என் பெயரை நீக்க அவர் வருமானம் மட்டும் போதாதாம் (பனியன் கம்பெனியில் ரொக்கச் சம்பளம், எங்கே காட்டுவது?). வேறு வங்கிக்கு மாற்றவும் அதே தடங்கல். விற்க அவர் சம்மதிக்கவில்லை. விடுதலைப் பத்திரம் எழுதினால் வீட்டில் என் பங்குதான் போகும், கடன் போகாது.

தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லி மனு போட்டு, பாக்கியை அவரையே கட்ட வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?