ஜாக் மேஜர் யாருக்கு வக்கீல்? ராணுவத்தில் சட்ட ஆலோசனை தேடிப் போன அனுபவங்கள்

முன்னாள் ஹவில்தார்:

யூனிட்டின் டீசல் கணக்கில் 400 லிட்டர் உதைத்தது. கோர்ட் ஆஃப் இன்கொயரி, அதாவது நடந்தது என்ன என்று கண்டுபிடிக்கும் ராணுவ விசாரணை, போட்டார்கள். என்னை மூன்றாவது சாட்சியாகக் கூப்பிட்டார்கள். தெரிந்ததைச் சொன்னேன், கையெழுத்துப் போட்டேன், வெளியே வந்தேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்து கிளார்க் தம்பி ஒருவன் காதில் போட்டான்: "அண்ணே, அஞ்சாவது சாட்சி உங்க பேரைத்தான் சொல்லியிருக்கார்." அவர் சொன்னபோது நான் அங்கே இல்லை. அவரிடம் ஒரு கேள்வி கேட்க எனக்கு வழியும் இல்லை.

அந்தச் சமயத்தில் ஜாக் (ஜட்ஜ் அட்வகேட் ஜெனரல்) என்ற ராணுவச் சட்டப் பிரிவின் மேஜர் ஒருவர் ராணுவச் சட்டம் பற்றி லெக்சர் எடுக்க வந்திருந்தார். நோய் வந்தால் எம்ஐ ரூம், சட்டச் சிக்கல் வந்தால் ஜாக் என்பது என் கணக்கு. இடைவேளையில் போய் நின்றேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"மேலே சொல்லாதீங்க. இந்த ஃபைல் நாளைக்கு என் மேஜைக்குத்தான் வரும். நான் கமாண்டருக்கு ஆலோசனை சொல்கிறவன், உங்க வக்கீல் இல்லை."

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஆனால் சர்வீஸில் எனக்குக் கிடைத்த நேர்மையான சட்ட ஆலோசனை அதுதான். நான் கிளம்பும்போது, "ஆர்மி ரூல்ஸ் புத்தகம் யூனிட்டில் இருக்கும். 180-ஐப் படிங்க. அது எல்லாருக்கும் பொது" என்றார்.

படித்தேன். 1954-ஆம் ஆண்டு ராணுவ விதிகளில் அது ஒரு சின்னப் பத்திதான். விசாரணையில் ஒருவருடைய நடத்தைக்கோ ராணுவ நற்பெயருக்கோ பாதிப்பு வரும் என்றால், விசாரணை முழுக்க அவர் கூடவே இருக்க வாய்ப்புத் தர வேண்டும். அவர் குறுக்கு விசாரணை செய்யலாம், தன் தரப்புச் சாட்சிகளையும் கொண்டுவரலாம். பெயர் அடிபடாதவரை நான் வெறும் சாட்சி. அடிபட்ட நிமிடத்திலிருந்து கதையே வேறு.

மனு எழுதினேன். ஹெட் கிளார்க் சாப், "இதெல்லாம் எதுக்கு? சிஓ சாப் கோபப்படுவார்" என்றார். சிஓ என்றால் யூனிட்டின் கமாண்டிங் ஆபீசர். மனுவின் நகலில் தேதியோடு அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தேன். சிஓ கோபப்படவே இல்லை, சாட்சிகளைத் திரும்பக் கூப்பிடச் சொன்னார். ஐந்தாவது சாட்சியிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த வவுச்சரில் என்ன தேதி?" அந்தத் தேதியில் நான் லீவில் இருந்தேன். லீவ் சர்டிபிகேட் பையிலேயே இருந்தது.

முன்னாள் நாயக்:

அண்ணே, எனக்கு அப்படி ஒரு மேஜர் கிடைக்கவில்லை. 12 வருட சர்வீஸ், நான்கு ரெட் இங்க் என்ட்ரி (ஆவணத்தில் சிவப்பு மையில் ஏறும் தண்டனைப் பதிவு), நான்குமே லீவ் முடிந்து தாமதமாகத் திரும்பியதற்கு. ஏன் டிஸ்சார்ஜ் செய்யக் கூடாது என்று ராணுவ விதி 13-இன் கீழ் ஷோ காஸ் நோட்டீஸ் வந்தது. ஜவானுக்குப் பென்ஷன் வேண்டுமென்றால் 15 வருடம் முடிக்க வேண்டும். எனக்கு மூன்று வருடம் பாக்கி.

நண்பன் எழுதிக் கொடுத்தபடி, "தவறுதான், மன்னிக்கவும்" என்று நான்கு வரியில் பதில் கொடுத்தேன். பெரிய முட்டாள்தனம். நான்கு என்ட்ரி ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது, விசாரணை நடத்தி, செய்த சேவையையும் பென்ஷனுக்கு எவ்வளவு பாக்கி என்பதையும் பார்க்க வேண்டும் என்று வீரேந்திர குமார் துபே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015-இலேயே சொல்லிவிட்டது. அது எனக்கு டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் தெரிந்தது.

மேலிடத்துக்கு மனு போட்டுவிட்டு, பதில் வரும் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். 6 மாதத்தில் பதில் வராவிட்டால், அதற்கடுத்த 6 மாதத்துக்குள் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும் என்கிறது 2007-ஆம் ஆண்டுச் சட்டம். நான் வக்கீலைப் பார்த்தபோது 11 மாதம் ஓடியிருந்தது. சென்னை பெஞ்சில் வழக்கு இன்னும் நடக்கிறது.

ஒரு முன்னாள் ராணுவ வீரரின் மனைவி:

எங்களுடையது மெடிக்கல் போர்டு சமாச்சாரம். ரிலீஸ் ஆகும்போது இவருக்கு ரத்த அழுத்தம், 30 சதவீதம் ஊனம் என்று எழுதினார்கள். ஆனால் பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை என்று ஒரே வரி. காரணம் எதுவும் எழுதவில்லை. டிசபிலிட்டி பென்ஷன் கிடையாது என்று கடிதம் வந்தது. இவர் அதை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டார், ஆறு வருடம்.

சேரும்போது உடம்பில் ஒன்றும் இல்லை என்று எடுத்தவர்கள், பிறகு வந்த நோய் பணியால் வரவில்லை என்றால் காரணம் காட்ட வேண்டும். தரம்வீர் சிங் வழக்கில் 2013-இல் வந்த தீர்ப்பு. அதைக் காட்டித்தான் பென்ஷன் வாங்கினோம். நிலுவை மட்டும் வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய 3 வருடத்துக்குத்தான் கிடைத்தது. மீதி மூன்று வருடப் பணம் அந்தப் பெட்டியோடு போயிற்று.

முன்னாள் ஹவில்தார்:

அந்த மேஜர் அப்புறம் உதவினாரா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். அவரை நான் மறுபடி பார்க்கவில்லை. ஃபைல் மட்டும் அவர் சொன்னபடியே அவர் மேஜைக்குப் போயிருக்கிறது. "விதி 180 பின்பற்றப்பட்டுள்ளது" என்று ஒரு வரி எழுதியிருந்தாராம். கிளார்க் தம்பிதான் சொன்னான்.