லேசர் முடி நீக்கத்துக்குப் பிறகு தாமதமாக எழுந்த தடிப்பும் அரிப்பும்

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். கால்களில் டையோடு லேசர் மூலம் முடி நீக்கம் செய்துகொண்டேன். அன்று வந்த லேசான சிவப்பு மறுநாளே அடங்கிவிட்டது. அதன் பிறகுதான், லேசர் பட்ட இடங்களில் மட்டும் மயிர்க்கால்களைச் சுற்றித் தடிப்புகள் எழுந்து, இரவில் தூங்கவிடாத அரிப்பு தொடங்கியது. ஒரு வாரம் கடந்தும் குறையவில்லை. சிகிச்சை நிலையத்திலோ, எல்லோருக்கும் வருவதுதான், சோற்றுக்கற்றாழை ஜெல் தடவினால் போதும் என்கிறார்கள். எனக்குச் சிறுவயது முதலே தூசு ஒவ்வாமை உண்டு. அடுத்த சிட்டிங்கிற்குப் போகலாமா?

பதில் 1:
சகோதரி, நான் தோல் மருத்துவர். எல்லோருக்கும் வரும் சிவப்பும் வீக்கமும் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ மறைந்துவிடும். வெப்பம் வேரைத் தொட்டதன் அடையாளமாகவே அவற்றை நாங்கள் பார்க்கிறோம். நீங்கள் சொல்வது அதுவன்று. தாமதமாகத் தோன்றி, காணாக்கடி போலத் தடித்து, நாட்கணக்கில் நீடிக்கும் எதிர்வினை அரிதாக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. ஒவ்வாமை உள்ளவர்களிடமே அது பெரும்பாலும் காணப்பட்டது. முடிக்குக் கருமை தரும் மெலனின் என்ற நிறமி லேசர் ஒளியை உறிஞ்சிச் சூடேறும்போது சிதையும் மயிர்க்காலிலிருந்து வெளிப்படும் பொருட்களை, உடலின் எதிர்ப்பாற்றல் அந்நியமாகக் கொள்வதே காரணம் என்று கருதப்படுகிறது. ஒவ்வாமை மாத்திரை மட்டும் போதாமல், பூசும் ஸ்டீராய்டும், கடுமையானால் சில நாட்களுக்கு உட்கொள்ளும் ஸ்டீராய்டும் தேவைப்படலாம். ஆனால் மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கும், ஸ்டீராய்டுடன் வேறு மருந்துகளும் சேர்ந்த கலவைக் களிம்பு வேண்டவே வேண்டாம். படர்தாமரை இருந்தால் அதை மறைத்துப் பரப்பிவிடும். கொப்புளமோ சீழோ காய்ச்சலோ இருந்தால் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

பதில் 2:
எனக்கு நேர்ந்தது வேறு வகை. தாடையில் செய்த பிறகு, அதன் ஓரத்தில் பூனைமுடி மட்டுமே இருந்த இடத்தில் கருத்த முடி அடர்ந்தது. நான் போன நிலையத்திலும், எல்லோருக்கும் வருவதுதான் என்ற இதே பதில்தான் கிடைத்தது. பின்னர் பார்த்த மருத்துவர், முகத்திலும் கழுத்திலும், அதிலும் மாநிறத்தவருக்கும் ஹார்மோன் கோளாறு உள்ளவர்களுக்கும் இது அரிதாக நேர்வதுண்டு என்று விளக்கி, பிசிஓஎஸ் (சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு) பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. சிறிய இடத்தில் மட்டும் லேசர் பாய்ச்சிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட்டைத் தொடக்கத்திலேயே செய்து, கால் மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் சிகிச்சையைத் தொடங்கினார்கள். அது போதாதா?

பதில் 1 எழுதியவர்:
உங்களைப் போன்றவர்களுக்குப் போதாது. தாமதமாக வரும் எதிர்வினையைக் கால் மணி நேரத்தில் எப்படிக் காண முடியும்? முற்றிலும் ஆறும்வரை எந்த லேசரும் வேண்டாம். அதன் பிறகும் விரும்பினால், மருத்துவரின் மேற்பார்வையில் சிறிய இடத்தில் மட்டும் செய்து, குறைந்தது ஒரு வாரம் காத்திருந்து முடிவெடுங்கள். பயன்படுத்திய கருவி, அலைநீளம், ஆற்றல் அளவு ஆகியவற்றை நிலையத்தில் எழுத்தாகக் கேட்டு வாங்கி, தடிப்பின் புகைப்படங்களுடன் எடுத்துச் செல்லுங்கள்.