நாடக எபிசோட்டில் கொன்டினியூட்டி பிழை: எங்கே, எந்த ஒழுங்கில் தேடுவது?

கொட்டியாரம்:
யூடியூப்புக்காகத் திருகோணமலையில் எடுக்கும் ஒரு குடும்பத் தொடரின் எடிட் முடிந்த எபிசோட்களை, வெளியிட முன் பார்த்துக் கொன்டினியூட்டி பிழை, அதாவது கதையில் தொடர்ந்து வருகிற ஷொட்டுகளில் பொருள், உடுப்பு, வெளிச்சம் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போவதைக் குறித்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் 22 நிமிடம். கதைக்குள் போய்விட்டால் வேறொன்றும் கண்ணில் படுகுதில்லை. வீட்டுக் காட்சி, கடற்கரைக் காட்சி இரண்டும் இருக்கு. எந்த ஒழுங்கில் பார்ப்பது? எதைத் திருத்தலாம், எதை விடலாம்?

வெட்டும் ஒட்டும்:
முதல் தரம் கதைக்காகப் பாருங்கள், ஒன்றும் எழுத வேண்டாம். இரண்டாம் தரம் சத்தத்தை முழுக்க நிறுத்துங்கள். வசனம் காதில் விழாவிட்டால் கண் தானாகக் கைக்கும் மேசைக்கும் போகும்.

பிழை பெரும்பாலும் ஷொட்டின் நடுவில் இருக்காது, வெட்டில்தான், அதாவது ஒரு ஷொட் முடிந்து அடுத்தது தொடங்குகிற இடத்தில்தான் இருக்கும். ஒரு கமரா மட்டும் என்றால் முதலில் முழுக் காட்சியையும் வைட்டில் (எல்லோரும் தெரிகிற தூர ஷொட்டில்) எடுப்பார்கள். பிறகு லைட்டை மாற்றி ஒருவரின் குளோஸப், அதற்குப் பிறகு மற்றவரின் குளோஸப். திரையில் ஒட்டிக்கொண்டு வருகிற இரண்டு ஷொட்டுக்கு நடுவே செட்டில் ஒரு மணித்தியாலம் போயிருக்கும். அதற்குள் தேத்தண்ணியை மறுபடி ஊற்றியிருப்பார்கள், சேலைத் தலைப்பு விலகியிருக்கும். குளோஸப்பிலிருந்து திரும்ப வைட்டுக்கு வரும் வெட்டில் இன்னும் கவனம்.

விஎல்சி வீடியோ பிளேயரில் வெட்டுக்கு ஒரு செக்கன் முன்னால் நிறுத்தி, ஆங்கில ஈ விசையைத் தட்டினால் பிரேம் பிரேமாக நகரும், முன்னுக்கு மட்டும். யூடியூப்பில் நிறுத்திவிட்டுக் கொமா விசை பின்னுக்கு, புள்ளி விசை முன்னுக்கு. வெட்டுக்கு முந்திய கடைசிப் பிரேமையும் அடுத்த முதல் பிரேமையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தக் கை, எந்தச் சொல்லில் தூக்கியது, கிளாஸில் எவ்வளவு, மணிக்கூட்டு முள் எங்கே, யன்னல் திறந்ததா பூட்டியதா. பூச்சரத்தை விடாதீர்கள்: மத்தியானம் எடுத்த வைட்டில் மொட்டாக இருந்த மல்லிகை, பொழுதுபட எடுத்த குளோஸப்பில் விரிந்திருக்கும். கதையிலோ இரண்டும் ஒரே நிமிடம்.

"மேசைக் காட்சியில் கிளாஸ் பிழை" என்று எழுதினால் எடிட்டருக்கு உதவாது. "00:07:14:09, வைட்டில் வலக்கை, குளோஸப்பில் இடக்கை" என்று மணி, நிமிடம், செக்கன், பிரேம் வரைக்கும் எழுதுங்கள்.

நிலாவெளி ரோட்:
வீட்டுக்குள் இது சரி. வெளிக் காட்சிக்கு வெட்டை மட்டும் பார்த்தால் போதாது, வெயிலைப் பார்க்க வேண்டும். மார்ச் மாதம் எங்கட ஊரில் பின்னேரம் 3.15 அளவில் நிழலும் ஆளும் ஏறக்குறைய ஒரே நீளம், 4.15க்கு நிழல் ஒன்றேமுக்கால் மடங்கு. இரண்டு நிமிடக் காட்சிக்குள் நிழல் நீண்டு, சுருங்கி, மறுபடி நீண்டால் பிடிபட்டுவிடும்.

டச்சுக் குடா, உப்புவெளி, நிலாவெளி எல்லாம் கிழக்குப் பார்த்த கரை. அங்கே கடல்மட்டத்தில் சூரியன் நின்றால் அது விடியற்காலை. அதை மாலை என்று காட்டினால் இந்த ஊரில் ஒருவரும் ஏற்கமாட்டார்கள். தண்ணீர்மேல் பொழுதுபட வேண்டுமென்றால் உள்துறைமுகப் பக்கம் போய் எடுத்திருக்க வேண்டும். கடலையும் பாருங்கள். சித்திரை, வைகாசியில் தட்டையாகக் கிடக்கிற நீலக் கடல், மாரியில் கலங்கி அலையடிக்கும். விடுபட்ட ஷொட்டைப் பல மாதம் கழித்து எடுத்துச் சொருகினால், உடுப்பு பொருந்தினாலும் பின்னால் கடல் பொருந்தாது.

பிரட்றிக் கோட்டைக்குள் எடுத்த காட்சியில் பின்னால் மான் வருவதும் போவதும் பிழையே இல்லை, அங்கே மான்கள் திரிகிறவைதான். அதை விடுங்கள்.

ஒலிப்பெட்டி:
திருப்பிய ஷொட்டையும் தேடுங்கள். இரண்டு பேர் பேசும்போது பார்வைத் திசை பிழைத்தால் சில எடிட்டர்மார் படத்தை இடம்வலமாக மாற்றிப்போடுவார்கள். ஆணின் சட்டைப் பை வலப்பக்கம், சேலைத் தலைப்பு வலத் தோளில், மூக்குத்தி மற்றப் பக்கம் என்று வந்தால் அதுதான்.

மூன்றாம் தரம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஒரு வசனத்துக்குப் பின்னால் கோயில் மணி, அடுத்த வசனத்தில் வெட்டினமாதிரி அமைதி என்றால் அதுவும் கொன்டினியூட்டி பிழைதான். செட்டில் எல்லோரும் பேசாமல் நிற்க 30 செக்கன் வெறும் சூழல் சத்தத்தைப் பதிவு செய்திருந்தால் இந்த இடைவெளியை நிரப்பலாம்.

திருத்துவது பற்றி: 4கேயில் எடுத்து, அகலத்திலும் உயரத்திலும் அதில் பாதியான 1080இல் வெளியிட்டால் இரண்டு மடங்கு வரை பெருப்பித்தாலும் தெளிவு கெடாது. ஓரத்தில் நிற்கிற கிளாஸை அப்படிப் பிரேமுக்கு வெளியே தள்ளலாம். கை மாறியிருந்தால் நடுவில் கேட்பவரின் முகத்தை ஒரு செக்கன் போட்டால் போதும். நிழலுக்கு அப்படி வழியில்லை, காட்சியைக் குளோஸப்களாலேயே கட்ட வேண்டும். பேசுகிற முகத்துக்குக் கிட்ட அசைகிற பொருளைக் கட்டாயம் திருத்துங்கள். ஓரத்தில் அசையாமல் கிடப்பது பெரும்பாலும் தப்பிவிடும், ஆனால் மணிக்கூடும் கலண்டரும் தப்பாது. எண்ணைக் கண்டால் சனம் வாசிக்கும்.

கொட்டியாரம்:
மெத்தப் பெரிய உதவி. நெற்றிக் காயம் ஒரு காட்சியில் இருந்து அடுத்ததில் இல்லாமல் போகிறதை எப்படிப் பிடிப்பது? வெட்டில் தெரியாதே.

வெட்டும் ஒட்டும்:
அதற்குக் கதை நாள் அட்டவணை வேண்டும். ஒரு வீட்டில் நடக்கிற காட்சிகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்து முடிப்பதால்தான் காயம் முந்தியும் பிந்தியும் போகிறது. காட்சி எண், கதையில் எத்தனையாம் நாள், உடுப்பு, காயம், தாடி என்று நிரல் போட்டு, ஒவ்வொரு காட்சியிலும் முகம் தெளிவாகத் தெரிகிற ஒரு பிரேமை அதில் ஒட்டுங்கள். படப்பிடிப்பு ஒழுங்கில் அல்ல, கதை நாள் ஒழுங்கில் அடுக்க வேண்டும். எபிசோட் மாறினாலும் அதே அட்டவணையைத் தொடருங்கள். முந்திய எபிசோட்டின் கடைசிக் காட்சிக்கும் அடுத்ததன் முதல் காட்சிக்கும் நடுவேதான் இது கூட விடுபடுகிறது.