பிள்ளைக்குச் சைகை பழக்கியவர்கள் இருக்கிறீர்களா?

விசுவமடு, ஒரு அம்மா:
மகளுக்கு 14 மாதம். சைகை பழக்க வேண்டும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. 2009இல் பக்கத்தில் ஷெல் விழுந்ததில் என் அப்பாவுக்கு இரண்டு காதும் போய்விட்டது. வீட்டில் எல்லாரும் அவரோடு கையால்தான் கதைப்போம். ஒன்பது மாதத்தில் மகள், மாட்டில் பால் கறப்பதுபோல் கையைப் பொத்திப் பொத்தி விரித்தாள். நுளம்பு பிடிக்கிறாள் என்று நினைத்தேன். அப்பாதான், பால் கேட்கிறாள் என்று காட்டினார்! இப்போது சோறு போதும் என்றால் இரண்டு கையையும் விரிக்கிறாள். முன்பெல்லாம் கோப்பை பறக்கும்.

மாமிதான் "பிள்ளையை ஊமையாக்கப் போறாய்" என்று ஏசுகிறா. யாருக்காவது பேச்சுப் பிந்தியதா?

மாங்குளம், முன்பள்ளி ஆசிரியை:
பிந்தாது தங்கச்சி. சொல்லை வாயாலும் சொல்லிக்கொண்டே கையைக் காட்டுங்கோ, அவ்வளவுதான். அமெரிக்காவில் லிண்டா அக்ரிடோலோ என்ற உளவியலாளர், தன் மகள் பூவைக் கண்டால் முகர்ந்து காட்டுவதைக் கவனித்துத்தான் 1980களில் இந்த ஆராய்ச்சிக்குள் இறங்கினார். ஆனால் பிள்ளை அதிபுத்திசாலியாகும் என்று சொல்லி வகுப்பு விற்கிறார்களே, அதை நம்பாதீர்கள். 2013இல் இங்கிலாந்தில் 40 குழந்தைகளை வைத்துப் பார்த்ததில் பேச்சு முந்தி வரவில்லை. தாய்மார்தான் பிள்ளையின் குறிப்பைக் கூடுதலாகக் கவனித்தார்கள். எனக்கு அதுவே பெரிய லாபமாகத் தெரிகிறது.

என் மகனுக்கு ஆறு மாதத்தில் தொடங்கினேன். மூன்று மாதம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். சரி, விடுவோம் என்றிருந்தேன். ஒருநாள் முற்றத்தில் சேவல் கூவி முடிய, அதைப் பார்த்து விரல் நுனிகளை முட்டி "இன்னும்" என்றான்.

புதுக்குடியிருப்பு, ஒரு அப்பா:
ஒன்று சொல்ல வேணும். எங்கள் மூத்தவள் எல்லாவற்றையும் கையால் காட்டுவாள். கெட்டிக்காரி என்று பெருமைப்பட்டோம். கூப்பிட்டால் திரும்பாததை விளையாட்டுப் புத்தி என்று விட்டுவிட்டோம். இரண்டு வயதில்தான் காதைப் பரிசோதித்தோம். இப்போது காது கேளாத பிள்ளைகள் படிக்கும் கைதடி நஃபீல்ட் பாடசாலையில் படிக்கிறாள். கை முதலே பழகியிருந்ததால் அங்கே அவள் தடுமாறவில்லை. ஆனாலும் அந்த இரண்டு வருடம் எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது. சைகை பழக்குங்கோ, காதையும் பாருங்கோ.

விசுவமடு, ஒரு அம்மா:
அண்ணை, வாசித்த கையோடு மகளுக்குப் பின்னால் போய்ச் சட்டியைத் தட்டினேன். திரும்பிப் பார்த்தாள். சும்மா இருந்த அப்பா, என்ன சமையல் என்று கையால் கேட்கிறார்.