மூளைப் படமெடுப்புக்கான சுவடறிகள்: இருபது நிமிடத்தில் பாதியாகும் பொருளுக்கு இருபது ஆண்டுக் காப்புரிமை எதற்கு?

வேதிமாணவி (கேள்வி)

வணக்கம். கரிம வேதியியலில் முதுகலை முடித்துவிட்டுக் காப்புரிமை முகவர் தேர்வுக்குப் படித்து வருகிறேன். அல்சைமர் நோயாளிகளின் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தைப் பெட் (PET) ஸ்கேனில் காட்டும் கதிரியக்கச் சுவடறிகள், அதாவது ட்ரேசர்கள், தொடர்பான காப்புரிமை ஆவணங்களைப் பயிற்சிக்காகப் படித்தபோது ஒரு குழப்பம் எழுந்தது.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கிளங்க், செஸ்டர் மாதிஸ் ஆகிய இருவரும் உருவாக்கிய "பிட்ஸ்பர்க் சேர்மம்-பி" கார்பன்-11 ஏற்றப்பட்டது. அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 20 நிமிடம். ஒரு மணி நேரத்தில் எட்டில் ஒரு பங்கும், இரண்டு மணி நேரத்தில் அறுபத்து நான்கில் ஒரு பங்குமே மிஞ்சும். கடையில் வைத்து விற்க முடியாத, மருத்துவமனைக்குள்ளேயே சைக்ளோட்ரான், அதாவது கதிரியக்க அணுக்களை உண்டாக்கும் துகள் முடுக்கி, வைத்திருப்பவர் அன்றன்று செய்து அன்றன்றே ஊசியாகச் செலுத்தும் பொருள் இது. இப்படிப்பட்ட ஒன்றில் காப்புரிமை எதைத்தான் காக்கிறது? ஒரு மருத்துவமனை தன் நோயாளிக்காகச் சில மைக்ரோகிராம் தயாரித்தால் அதுவும் மீறலாகுமா? இத்தகைய காப்புரிமைகளால்தான் இந்த ஸ்கேன்கள் எளிதில் கிடைப்பதில்லை என்று சிலர் சொல்கிறார்களே, அது எவ்வளவு தூரம் உண்மை?

உரிமைவரைவர்

நல்ல கேள்வி. ஊசியில் ஏறும் கரைசலைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஆவணத்தின் உரிமைக்கோரல்களை, அதாவது எது தனக்கே உரியது என்று எல்லை வகுக்கும் வாக்கியங்களை, பார்த்தால் குழப்பம் பாதி தீரும்.

இந்த வகை ஆவணங்களில் முதல் கோரல் பெரும்பாலும் ஒரு பொது வாய்பாடு. திசுக்களில் அமிலாய்டைச் சாயமேற்றிப் பார்க்க நெடுங்காலமாகப் பயன்பட்ட தயோஃபிளேவின்-டி மூலக்கூறில் ஒரு நேர்மின்சுமை உண்டு. அந்தச் சுமை இருக்கும்வரை அது குருதி-மூளைத் தடுப்பைத் தாண்டாது. பிட்ஸ்பர்க் குழுவினர் அந்தச் சுமையை நீக்கி, நடுநிலையான பென்சோதயசோல் சேர்மங்களை உருவாக்கினார்கள். கண்டுபிடிப்பின் சாரம் அங்கேதான் இருக்கிறது. கதிரியக்க அணு அதன்மேல் ஒட்டப்படும் விளக்கு மட்டுமே. ஆகவே, இந்த இடத்தில் கார்பன்-11 இருக்கலாம், அந்த இடத்தில் ஃபுளூரின்-18 இருக்கலாம் என்று பல ஐசோடோப்புகளையும் ஒரே வாய்பாட்டுக்குள் அடக்கிக் கோருவது வழக்கம். பின்னாளில் ஜிஇ ஹெல்த்கேர் சந்தைக்குக் கொண்டுவந்து, 2013 அக்டோபரில் அமெரிக்க ஒப்புதல் பெற்ற ஃபுளுடெமெட்டமால், பிட்ஸ்பர்க் சேர்மத்தின் வளையத்தில் ஒரு ஃபுளூரின் அணு சேர்ந்த வடிவம்தான். 20 நிமிடச் சேர்மம் ஆய்வகத்தில் வழி காட்டியது, ஃபுளூரின்-18 ஏற்றிய, 110 நிமிட அரை ஆயுட்காலச் சேர்மம் வணிகத்துக்கு வந்தது.

அடுத்ததாக முன்னோடிச் சேர்மத்தைப் பாருங்கள். கதிரியக்க அணுவை ஏற்றுவதற்கு முந்தைய படியில் நிற்கும் அந்தப் பொருளுக்குக் கதிரியக்கம் கிடையாது. குப்பியில் அடைத்துக் குளிர்நிலையில் வைக்கலாம், கடல் கடந்தும் அனுப்பலாம். ஃபுளுடெமெட்டமாலுக்கு அது ஒரு நைட்ரோ சேர்மம். மற்றொரு அமிலாய்டு சுவடறியான ஃபுளோர்பெட்டாபிருக்கு டோசிலேட் என்ற வகைச் சேர்மம். அதன்மீது தனிக் கோரல் இருந்தால், சைக்ளோட்ரான் யாருடையதாக இருந்தாலும் வாசலில் ஒரு பூட்டு விழுந்துவிடும். தேர்வுக்குப் படிக்கும் நீங்கள் இந்தக் கோரலைத் தேடிப் பழகுங்கள்.

மைக்ரோகிராம் பற்றிக் கேட்டீர்கள். மீறலுக்குக் குறைந்தபட்ச எடை என்று சட்டத்தில் எதுவும் இல்லை. ஃபுளோர்பெட்டாபிரின் ஒரு வேளை அளவே 50 மைக்ரோகிராமுக்கு மேற்படக் கூடாது என்பதால், எடையை வைத்து வாதிட்டால் முறைப்படி விற்கப்படும் மருந்துக்கே பாதுகாப்பு இல்லாமல் போகும்.

நோயறியும் முறை என்ற கோரல் மட்டும் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் 53(சி) உறுப்பும் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(ஐ) பிரிவும் மனித உடலில் செய்யப்படும் நோயறி முறைகளுக்குக் காப்புரிமை தருவதில்லை. ஸ்கேன் எடுத்துப் படிப்பதை இங்கே கோர முடியாது, சேர்மத்தைக் கோரலாம்.

சைக்ளோட்ரான்காரர்

மேலே எழுதியவர் சட்டத்தைச் சொல்லிவிட்டார். நான் கதிர்வேதியியல் கூடத்தின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

பிட்ஸ்பர்க் சேர்மம் முதன்முதலில் மனிதருக்குச் செலுத்தப்பட்டது பிட்ஸ்பர்க்கில் அன்று. 2002-இல் சுவீடனின் உப்சாலாவில். அந்த ஆய்வு 2004-இல் வெளியான பிறகு உலகெங்கும் பல ஆய்வுக்கூடங்கள் அதைத் தாங்களே தயாரித்துப் பயன்படுத்தின. இந்தியச் சட்டத்தில் இதற்கு 47-ஆம் பிரிவு இடம் தருகிறது: ஆய்வுக்காகவோ சோதனைக்காகவோ மாணவருக்குக் கற்பிப்பதற்காகவோ மட்டும் செய்வதும் பயன்படுத்துவதும் மீறலாகாது. ஒழுங்குமுறை ஒப்புதலுக்கான தரவுகளைத் திரட்டச் செய்வதற்கு 107ஏ பிரிவு இருக்கிறது. அமெரிக்கச் சட்டத்தில் 271(இ)(1) ஏறக்குறைய இந்த இரண்டாவது வேலையைச் செய்கிறது. நோயாளியிடம் கட்டணம் பெற்று வழக்கமான சிகிச்சையின் பகுதியாகச் செலுத்தத் தொடங்கினால் இந்தப் பிரிவுகள் துணைக்கு வாரா. உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இதுதான்: நீங்கள் கவனிக்க வேண்டியது அளவை அல்ல, நோக்கத்தை.

கிடைக்காமைக்குக் காப்புரிமைதான் காரணம் என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். சைக்ளோட்ரான், கதிர்காப்புச் சுவர் கொண்ட அறை, ஒவ்வொரு தயாரிப்பையும் சோதித்துக் கையெழுத்திடும் ஆள், போக்குவரத்து, ஸ்கேனருக்கு எதிரே சரியான நேரத்தில் படுத்திருக்கும் நோயாளி ஆகிய எல்லாம் ஒரே காலைப் பொழுதில் கூடி வர வேண்டும். ஃபுளூரின்-18 கூட மூன்றே முக்கால் மணி நேரத்தில் நான்கில் ஒரு பங்காகிவிடும். 1976-இல் மனிதருக்குச் செலுத்தப்பட்ட முதல் எஃப்டிஜி (ஃபுளூரின்-18 ஏற்றிய குளுக்கோஸ் வகைச் சுவடறி), நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் தயாராகி, பிலடெல்பியாவுக்கு விமானத்தில் போனது என்பதை நினைத்துப் பாருங்கள். இன்று விமானம் வேனாகியிருக்கிறது, ஓட்டம் குறையவில்லை. காப்புரிமை நாளையே காலாவதியானாலும் சைக்ளோட்ரானிலிருந்து ஐந்து மணி நேரத் தொலைவில் இருக்கும் ஊருக்கு அதனால் பெரிய பயன் வந்துவிடாது.

மூத்தவாசகர்

இதே கருத்தை வலுப்படுத்தும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. காப்புரிமையே சிக்கல் என்று நம்புகிறவர்கள் ஃபுளூரின்-18 டோபா என்ற சுவடறியின் கதையைப் பார்க்க வேண்டும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகக் குழு அதைக் கொண்டு மனித மூளையின் டோபமைன் பகுதிகளைப் படமெடுத்து வெளியிட்டது 1983-இல். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பார்க்கின்சன் போன்ற நோய்க்குறிகளுக்காக அதற்கு ஒப்புதல் தந்தது 2019 அக்டோபரில். இடையில் 36 ஆண்டுகள். ஒப்புதல் பெற்றது எந்தப் பெரிய மருந்து நிறுவனமும் அன்று, ஃபைன்ஸ்டீன் என்ற இலாப நோக்கற்ற ஆய்வு நிறுவனம். தனியுரிமை கிடைக்காத பழைய சேர்மத்துக்காக விலை மிகுந்த மருத்துவச் சோதனைகளை நடத்தி விண்ணப்பம் போட வணிகர் யாருக்கும் மனம் வராது என்பதே நான் இதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பொருள்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பிலடெல்பியாவின் ஏவிட் நிறுவனம் கொண்டுவந்த ஃபுளோர்பெட்டாபிருக்கு 2012 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது; அந்நிறுவனத்தை எலி லில்லி 2010-லேயே வாங்கியிருந்தது. முதன்முதல் ஒப்புதல் பெற்ற அமிலாய்டு சுவடறி என்ற பெயர் இருந்தும், அமெரிக்க முதியோர் காப்பீடான மெடிகேர் 2013-இல் ஒருவருக்கு ஒரே ஒரு ஸ்கேனுக்கு, அதுவும் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுக்குள் இருந்தால் மட்டுமே, பணம் தருவதாகச் சொன்னது. படிவு இருக்கிறது என்று தெரிந்தாலும் அதை அகற்றும் மருந்து இல்லாதபோது ஸ்கேனால் என்ன பயன் என்பது அன்றைய எதிர்வாதம். அமிலாய்டை அகற்றும் மருந்தான லெக்கனெமாப் 2023 ஜூலையில் முழு ஒப்புதல் பெற்ற பிறகு, அவ்வாண்டு அக்டோபரில்தான் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. அமெரிக்காவில் ஒப்புதல் தாமதத்துக்காகக் காப்புரிமையை அதிகபட்சம் 5 ஆண்டு நீட்டிக்கலாம். ஆனால் ஒப்புதல் நாளிலிருந்து 14 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. 2012 ஏப்ரலோடு 14-ஐக் கூட்டிப் பாருங்கள். நீட்டிப்பின் வழியே 2026 ஏப்ரலைத் தாண்ட முடியாது. சந்தை திறந்தபோது கடிகாரத்தில் எஞ்சியிருந்தது இரண்டரை ஆண்டு. தனியுரிமை இருந்த காலத்தின் பெரும்பகுதியில் வாங்க ஆள் இல்லை.

வேதிமாணவி

அனைவருக்கும் நன்றி. மூத்தவாசகர் ஐயா சொன்னதைக் கேட்ட பிறகு இன்னொரு ஐயம். ஃபுளோர்பெட்டாபென் என்ற இன்னொரு அமிலாய்டு சுவடறி, ஃபுளோர்பெட்டாபிர் ஆகிய இரண்டின் கட்டமைப்பையும் வரைந்து பார்த்தேன். முன்னதில் பென்சீன் வளையமாக இருப்பது பின்னதில் பிரிடின் வளையமாக இருக்கிறது. ஒரு கார்பன் இருந்த இடத்தில் ஒரு நைட்ரஜன். இவ்வளவு சிறிய மாற்றத்துக்கு எப்படித் தனி உரிமை நிற்கும்? இரண்டாவதாக, இந்தியாவில் அணுசக்தி தொடர்பானவற்றுக்குக் காப்புரிமையே இல்லை என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறதே, அது சுவடறிகளுக்கும் பொருந்துமா?

உரிமைவரைவர்

இரண்டுமே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹேங்க் குங் அவர்களின் ஆய்வகத்திலிருந்து பிறந்தவை என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். புதுமை என்பது ஒரு கேள்வி, கண்டுபிடிப்புப் படி, அதாவது துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாத முன்னேற்றமா என்பது, வேறொரு கேள்வி. நைட்ரஜன் சேர்ந்த அந்தச் சேர்மம் முந்தைய ஆவணத்தில் தனியாகச் சொல்லப்படாதவரை புதுமை நிற்கும். கண்டுபிடிப்புப் படிக்கு மட்டும் தரவு வேண்டும்: மூளைக்குள் விரைவாக நுழைகிறதா, படிவில்லாத வெண்பொருளிலிருந்து விரைவாக வெளியேறுகிறதா, கொழுப்பில் கரையும் தன்மை குறைந்ததால் பின்னணி மங்கல் குறைகிறதா என்றெல்லாம் காட்ட வேண்டும். சுவடறிகளில் ஓர் அணுவின் மாற்றம் படத்தின் தெளிவையே மாற்றிவிடக்கூடும் என்பதால், மற்ற மருந்துகளைவிட இங்கே அந்த வாதத்துக்குக் கொஞ்சம் வலு அதிகம் என்பது என் கணிப்பு. கதிரியக்கமற்ற வடிவம் ஏற்கெனவே தெரிந்திருக்க, அதிலுள்ள ஓர் அணுவை ஐசோடோப்பாக மாற்றியதை மட்டும் சொல்லி உரிமை கேட்டால், அது நிற்பது கடினம்.

இரண்டாவது ஐயத்துக்கு: காப்புரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, 1962-ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் 20-ஆம் பிரிவைக் கைகாட்டியது. அச்சட்டம் அணுசக்தி என்பதை, பிளவு, இணைவு உட்பட எந்த நிகழ்வினாலும் அணுக்கருவிலிருந்து வெளிப்படும் ஆற்றல் என்று வரையறுத்தது. எழுத்துக்கு எழுத்து படித்தால் ஃபுளூரின்-18 சிதைவதும் அதற்குள் வந்துவிடும். அதனால் இந்திய விண்ணப்பங்களில் கதிரியக்கச் சேர்மத்தை முன்னிறுத்துவதைவிட, கதிரியக்கமற்ற முன்னோடிச் சேர்மத்தையும் அதைத் தயாரிக்கும் முறையையும் முன்னே வைப்பதே பாதுகாப்பானது என்று நான் கருதி வந்தேன். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய அணுசக்திச் சட்டம் 1962 சட்டத்தின் இடத்துக்கு வந்துவிட்டதால், உங்கள் பாடப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டாம். புதிய சட்டத்தின் வாசகத்தையும் திருத்தப்பட்ட 4-ஆம் பிரிவையும் அருகருகே வைத்துப் படித்துவிட்டு, ஐயம் இருந்தால் இதே இழையில் கேளுங்கள்.

சைக்ளோட்ரான்காரர்

ஒரு சிறு சேர்க்கை. பார்க்கின்சன் நோயறியப் பயன்படும் சுவடறியான அயோஃபுளுபேனில் இருப்பது அயோடின்-123. அரை ஆயுட்காலம் 13 மணி நேரம். ஓரிடத்தில் தயாரித்து நாடு முழுவதும் அனுப்பலாம் என்பதால், அமெரிக்காவில் 2011-இல் ஒப்புதல் பெற்ற அந்த மருந்துக்கு 2022-லேயே இன்னொரு நிறுவனத்தின் பொதுப்பெயர் (ஜெனரிக்) வடிவம் ஒப்புதலுடன் வந்துவிட்டது. வேதிமாணவி அடுத்து எடுத்துப் படிக்க வேண்டிய ஆவணத்தொகுதி அதுவாகவே இருக்கட்டும்.