மறு: பாண்டாச் செடியின் இலைமேல் இருப்பதற்கு என்ன பெயர்?

வணக்கம். பாண்டாச் செடியின் இலையைத் தாவர நூல்கள் ‘டொமென்டோஸ்’ (tomentose) என்கின்றன. அதற்குத் தமிழில் என்ன சொல் போடலாம் என்பதுதான் பேச்சு. நீங்கள் கேட்டிருந்தீர்கள்:

> ‘டொமென்டோஸ்’ என்பதற்குச் ‘சுணையுள்ள’ என்றே போட்டுவிடலாமே?

போடலாம் ஐயா. ஆனால் சுணை என்றதுமே எனக்குக் கை அரிக்கிறது. கரும்புத் தோகை உரித்தவர்களையும் வெண்டைக்காய் பறித்தவர்களையும் கேட்டுப் பாருங்கள். பாண்டாச் செடியின் இலை அப்படியா? தடவினால் முயல் காதைத் தொட்டதுபோல இருக்கிறது.

இன்னொன்று. சுணை என்பது ஒவ்வொரு முடியையும் குறிப்பது. டிரைக்கோமுக்கு, அதாவது செடியின் மேல்தோலில் முளைக்கும் தனி முடிக்கு, வேண்டுமானால் அது பொருந்தும். டொமென்டோஸ் என்பதோ அந்த முடிகள் நெருங்கிப் பின்னி இலையையே மூடியிருக்கும் நிலை. லத்தீனில் டொமென்டம் என்றால் தலையணைக்குள் திணிக்கும் கம்பளி, பஞ்சு வகை. இந்த மடகாஸ்கர் செடிக்கு 1882இல் தாவரவியலாளர் பேக்கர் கலாங்கோ டொமென்டோசா என்று பெயர் வைத்தது அதனால்தான்.

நம்மிடம் ‘துய்’ இருக்கிறது. பஞ்சு, மென்மை என்று பொருள். நற்றிணையில் ‘துய்த்தலை மந்தி’ வருகிறாள். பஞ்சுபோன்ற மயிர்த்தலைக் குரங்கு. ஆகவே ‘துய்யடர்ந்த’ என்பது என் பரிந்துரை.

சொல் சரியாக இருந்திருந்தால் என் செடியே பிழைத்திருக்கும் என்று தோன்றுகிறது. துளசிக்கு ஊற்றும் சொம்பாலேயே இதற்கும் தினமும் தலையோடு தெளித்துவந்தேன். முடிதானே, வழிந்துவிடும் என்று நினைப்பு. பஞ்சு தண்ணீரை விடுமா? இரண்டே வாரத்தில் அடியிலைகள் கண்ணாடிபோல் மினுங்கி, விரல் பட்டதும் கழன்று விழுந்தன. இந்தத் துய் வெயிலைத் திருப்பிவிடவும், காற்று இலையை நேரே உலர்த்தாமல் தடுக்கவும் உள்ள போர்வை. போர்வையை நனைத்துவிட்டு உடம்பு சுகமாக இருக்கும் என்று எதிர்பார்த்தது என் தப்பு.

இப்போது இருப்பது புதுச் செடி. பாதிக்கு மேல் மணல் கலந்த மண், ஓட்டைத் தொட்டி. மண் விரலளவு காய்ந்த பிறகு தூரில் மட்டும் தண்ணீர். தூசியைத் துணியால் துடைப்பதில்லை, துய் உதிர்ந்தால் அந்த இடம் வழுக்கைதான், மென்தூரிகை போதும். அப்புறம் மாவுப்பூச்சி! வெள்ளைத் துய்க்குள் வெள்ளைப் பூச்சி, கண்ணுக்கே தெரியாது. இலை தண்டோடு சேரும் இடுக்கைப் பிரித்துப் பார்த்தால்தான் உண்டு.

——

(குழுவில் இன்னொருவரின் மறுமொழி) ஐயா, துய் அழகுதான். ஆனால் ‘துய்யிலைக் கள்ளி’ என்று செடிக்கும் பெயர் வைத்தால் ‘தூய இலை’ என்று படிப்பார்களே? அதோடு இது கள்ளிக் குடும்பமும் இல்லை.

——

(அதற்கு என் பதில்) கள்ளி பற்றி: ரணகள்ளியும் கலாங்கோ இனம்தான், அதன் சொந்த ஊரும் மடகாஸ்கர்தான். அதை நாம் கள்ளி என்றே கூப்பிட்டுவருகிறோம். குடும்பம் பார்த்தா ஊரில் பெயர் வைத்தார்கள்?

‘தூய’ குழப்பம் நியாயமானது. சரி, செடிக்குப் ‘பஞ்சிலை ரணகள்ளி’ என்று வைத்துக்கொண்டு, துய்யைப் பண்புச்சொல்லில் மட்டும் நிறுத்திக்கொள்வோம். எச்சிவேரியா என்ற சதைப்பற்றுச் செடியின் இலைமேல் இருக்கும் வெள்ளைப் பொடியை மட்டும் இதில் சேர்த்துவிட வேண்டாம். அது முடியல்ல, விரலில் ஒட்டிக்கொண்டு வரும் மெழுகுப்பூச்சு. அதற்கு ‘நீறு’ சரிவருமா என்று அடுத்த மடலில் கேட்கிறேன்.