[கலைச்சொல்] 1906–07 ரக்பிப் பருவம்: 'ப்ளே த பால்' தமிழில்?

குழுவினருக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் வடக்கு யூனியன் என்ற ரக்பி அமைப்பின் 1906–07 பருவம் பற்றிய கட்டுரை முக்கால்வாசி முடிந்துவிட்டது. 'ப்ளே த பால்' என்ற விதியின் பெயர் மட்டும் காலை வாரிக்கொண்டே இருக்கிறது. இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: பந்தாடல், மறுதொடக்கம், பின்னுருட்டல். எனக்கு மூன்றிலும் மனம் ஒப்பவில்லை.

பெயருக்கு முன்னால் செயலைப் பார்த்துவிடுவோம். 1895-இல் ஹடர்ஸ்ஃபீல்டு ஜார்ஜ் ஓட்டலில் கூடி, ரக்பி யூனியனை விட்டுத் தனியே போய் வடக்கு யூனியனை அமைத்த கிளப்புகள் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் அணிக்கு 15 பேரோடுதான் ஆடின. பந்தோடு ஓடுகிறவரைப் பிடித்து, பந்தும் அங்கேயே சிக்கிக்கொண்டால் ஸ்க்ரம்தான். இரு அணியிலுமாகப் பதினாறு தடியர்கள் பந்துக்காகத் தோளோடு தோள் முட்டிக்கொண்டு நிற்பார்கள். சீட்டு வாங்கி வந்தவருக்கு முதுகுகள்தான் தெரியும். பக்கத்திலேயே கால்பந்து ஆள் பிடித்துக்கொண்டிருந்தது. வடக்கு யூனியனின் முதல் சாம்பியனான மானிங்ஹாம் கிளப்பே 1903-இல் ரக்பியை விட்டுவிட்டு பிராட்ஃபோர்டு சிட்டி என்ற கால்பந்துக் கிளப்பாக மாறிவிட்டது. இந்த நெருக்கடியில்தான் 1906-இல் முன்வரிசையாளர் இருவரைக் குறைத்து அணியை 13 பேராக்கினார்கள். கூடவே இந்த விதியும் வந்தது: பிடிபட்டவரை எழுந்து நிற்க விடவேண்டும், அவர் பந்தைத் தரையில் வைத்துக் காலால் ஆடுவார், ஆட்டம் தொடரும்.

ஆகவே சொல்லில் இரண்டு வேண்டும்: எழுவது, காலால் தொடுவது. 'பந்தாடல்' என்றால் எந்த ஆட்டத்துக்கும் பொருந்தும். 'பந்தாடிவிட்டார்கள்' என்றால் வேறு பொருளும் வந்துவிடும். 'மறுதொடக்கம்' கோல் விழுந்தபின் நடுக்கோட்டிலிருந்து உதைப்பதற்குத் தேவைப்படும்.

'பின்னுருட்டல்' இன்றைய ஆட்டத்துக்கு அழகான சொல். ஆனால் அன்றைய விதி வேறு. அப்போது எதிரே நிற்கிறவரும் காலை நீட்டிப் பந்தைப் பறிக்கலாம். ஏறக்குறைய இரண்டே பேர் போடும் ஸ்க்ரம். பந்து பின்னால்தான் போகும் என்று பெயரிலேயே முடிவு சொல்லிவிட்டால் அந்தப் போட்டி காணாமல் போகிறது.

என் பரிந்துரை: பிடியெழல். கபடியில் நம் ஊர்களில் பிடி என்றுதானே சொல்கிறோம்.

— செ.

----

செ. அண்ணனுக்கு,

> என் பரிந்துரை: பிடியெழல்.

பிடி என்றால் பெண் யானையும்தான் அண்ணா. களிறும் பிடியும் படித்தவர்களுக்கு யார்க்‌ஷயர் மைதானத்தில் யானை எழுந்து நிற்பதுபோல் இருக்கும் :)

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வினையாக்கிப் பாருங்கள்: 'ஆலிஃபாக்ஸ் வீரர் பிடியெழுந்தார்.' பந்து எங்கே? 'எழுந்துதை' என்றும் யோசித்தேன். 'எழுந்துதைத்தார்' என்று செய்தியில் வந்தால் நடுவர் அவரை வெளியே அனுப்பினாரா என்று கேட்பார்கள். 'எழுதட்டு' சுருக்கமாக இருந்தது, உருபு சேர்ந்தால் 'எழுதட்டும்' ஆகிவிடுகிறது.

'எழுந்துதட்டல்' சரியாக வருமா? எழுந்துதட்டினார், எழுந்துதட்டும்போது, எழுந்துதட்டலில் பறித்தார். தட்டுவது முன்னாலும் இருக்கலாம், பின்னாலும் இருக்கலாம், எதிராளியும் தட்டலாம். நீங்கள் கேட்ட போட்டி அதற்குள் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். வரைவில் 'ஆறு பிடிக்குள்' என்று ஓரிடத்தில் இருக்கிறது. அதை நீக்கிவிடுங்கள். பிடிகளுக்கு எண்ணிக்கை வந்ததே 1966-இல்தான். அதுவும் முதலில் நான்கு, 1972-இல்தான் ஆறு. 1907-இல் ஓர் அணி எத்தனை முறை வேண்டுமானாலும் எழுந்துதட்டிக்கொண்டே போகலாம். அதுபோல, தலைப்பில் 'ரக்பி லீக்' என்று போட்டால் அடைப்புக்குள் விளக்கம் தேவை. வடக்கு யூனியன் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது 1922-இல்.

— க.

----

க. தங்கைக்கு,

யானையை இறக்கிவிட்டேன். எழுந்துதட்டல் நன்றாக இருக்கிறது. ஐந்து அசை கொஞ்சம் நீளம்தான், ஆனால் வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன், தடுக்கவில்லை:

"ஸ்க்ரம்கள் குறைந்து எழுந்துதட்டல் பெருகிய அந்த முதல் பருவத்தில் ஓல்டாம் இரண்டு இறுதிப் போட்டிகளில் தோற்றது. சேலஞ்சு கோப்பையில் வாரிங்டனிடம் 17–3. சாம்பியன்பட்ட இறுதியில் ஆலிஃபாக்ஸிடம் 18–3."

இரண்டிலும் அதே 3. கோல் எல்லாவற்றுக்கும் 2 புள்ளி, ட்ரைக்கு (எதிரணியின் கோல்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பதற்கு) 3 என்றிருந்த காலம். ஆக இரண்டு இறுதிகளிலும் ஓல்டாமுக்குக் கிடைத்தது தலா ஒரே ஒரு ட்ரை. பாவம்.

'ஆறு பிடி' நீக்கியாயிற்று. தலைப்பை 'வடக்கு யூனியன், 1906–07' என்று மாற்றிவிட்டேன்.

அடுத்த தலைவலி புள்ளிப்பட்டியல். அப்போது எல்லா அணிகளும் ஒரே எண்ணிக்கையில் ஆடவில்லை. தங்கள் ஆட்டங்களைத் தாங்களே பேசி வைத்துக்கொண்டார்கள். அதனால் கிடைத்திருக்கக்கூடிய புள்ளிகளில் எத்தனை விழுக்காடு எடுத்தார்கள் என்று பார்த்தே வரிசைப்படுத்தினார்கள். 1905–06-இல் லீ அணி இப்படித்தான் பட்டம் வென்றது. எளிய எதிரிகளோடு ஆடியவர்கள் என்று முணுமுணுப்பு கிளம்பி, மறு பருவமே முதல் நான்கு அணிகளுக்கு அரையிறுதி வைத்தார்கள். 'விழுக்காட்டு வரிசை' என்று எழுதியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் சொல்லுங்கள், அதன்பின் வலையேற்றிவிடுவேன். எழுந்துதட்டலில் எதிரே நிற்கிறவருக்கு இப்போதைக்கு 'எதிர்நிற்பவர்' என்றே விட்டிருக்கிறேன்.

— செ.